சம்பந்தியும் உறவுதான்: வேட்பாளரிடம் எதைக் கேட்பது?

எங்கள் அப்பாருவின் (அப்பாவைப் பெற்ற தாத்தாவின்) தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. 1992இல் அணையைக் கட்டி முடித்தபோது, இனி நொய்யல் ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும் என்று ஊரே காத்திருந்தது. சில ஆண்டுகளிலேயே அணையில் தேங்கி நின்றது திருப்பூரின் சாயக்கழிவு. கிணறு உப்பேறியது. தென்னையில் காய்ப்பு விழுந்தது. கட்டுத்தறியில் நின்ற மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதே ஆண்டுகளில் என் தாய்மாமன் திருப்பூரில் சாயப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் அவர்தான். அப்பாரு இறக்கும்வரை இந்த இரண்டையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

நாளை என் மாமா சட்டமன்ற உறுப்பினரானால், அல்லது அவருடைய மகளை மணந்த மாப்பிள்ளை அமைச்சரானால், நொய்யலைப் பற்றிய கோப்பு அவர் மேசைக்கு வரும்போது என்ன நடக்கும்? அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பட்டறையில் வேலை செய்யும் முந்நூறு பேரின் முகம் அவருக்குத் தெரியும். கடைமடை உழவனின் முகம் தெரியாது. அவ்வளவு போதும். நலன் முரண்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். லஞ்சம் வாங்குவது வேறு குற்றம். அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

ஊத்துக்குளியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறு குழுவில் உழவர்கள், கூலித்தறி ஓட்டுபவர்கள், பனியன் கம்பெனி நடத்தும் இருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒரு வழக்கறிஞர் என்று பதினைந்து பேர் இருக்கிறோம். வரும் தேர்தலில் கட்சி பார்க்காமல் எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே ஒரு வாக்குறுதியை எழுத்தில் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. எதைக் கேட்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. நான்கு யோசனைகள் எழுந்தன. தொழில் குடும்பத்தினர் பதவிக்கே வரக்கூடாது என்பது ஒன்று. எல்லாவற்றையும் வெளியில் சொன்னால் போதும் என்பது இரண்டாவது. பதவி ஏற்றதும் தொழிலை விட்டுவிட வேண்டும் என்பது மூன்றாவது. உறவினர் தொழிலைத் தொடும் முடிவு வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது நான்காவது. எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதற்கு நான் வந்து சேர்ந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் யோசனையைச் சொன்னவர் எங்கள் குழுவிலேயே அதிகம் இழந்த உழவர். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் கொங்கு நாட்டில் இந்தத் தடையைப் போட்டால் மேடையில் யார் மிஞ்சுவார்கள்? கோவையில் பம்பும் வார்ப்படமும், திருப்பூரில் பின்னலாடை, ஈரோட்டில் மஞ்சளும் துணியும், கரூரில் வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடி கட்டுதலும், நாமக்கல்லில் முட்டையும் லாரியும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, பொள்ளாச்சியில் தென்னை நார். ஏதோ ஒரு தொழிலில் பங்கோ கடனோ இல்லாத குடும்பத்தை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். பொள்ளாச்சியில் 1952 முதல் 1967 வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்த நா. மகாலிங்கம் பேருந்துத் தொழில் குடும்பத்தவர். தொழில் தெரிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டால், மின் கட்டணம் ஏறும்போது விசைத்தறிக்காரனுக்கு என்ன ஆகும் என்று சபையில் எழுந்து சொல்ல ஆள் இருக்காது. தடை போட்டாலும் அது வேட்பாளரைத்தான் தடுக்கும். அவருக்குப் பின்னால் நின்று பணம் போடும் தொழிலதிபரைத் தடுக்காது. இந்த யோசனையை நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளாமல் தள்ளிவிட்டேன்.

ஆனால் அந்த உழவரின் அச்சத்தைத் தள்ள முடியாது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் நம் கோவைக்காரர், ஆர். கே. சண்முகம் செட்டியார். மில் தொழிலில் ஊறிய குடும்பம். 1947 நவம்பர் 26 அன்று நாட்டின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தவர். வருமான வரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சிலருடைய வழக்குகள் நீக்கப்பட்டன என்று சர்ச்சை எழுந்து, 1948இல் பதவி விலகினார். பெரும் திறமைசாலி, உலக அரங்கில் மதிக்கப்பட்டவர். அவருக்கே அப்படி ஒரு நிலை வந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து இன்னொரு தமிழ் நிதியமைச்சர், டி. டி. கிருஷ்ணமாச்சாரி, மகன்களின் தொழில் தொடர்பான குற்றச்சாட்டுகளுக்கு நடுவே 1965 முடிவில் பதவியை விட்டார். இருவருமே தொழிலை நன்கு அறிந்தவர்கள். அதனால்தான் அவர்களைப் பதவிக்கு அழைத்தார்கள்; அதுவே அவர்களுக்கு இடறலாகவும் ஆனது.

இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். எல்லாம்தான் இப்போதே வெளியில் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கொடுக்கிறார். தன் சொத்து, கணவன் அல்லது மனைவியின் சொத்து, சார்ந்து வாழ்பவர்களின் சொத்து எல்லாம் அதில் இருக்கும். 2018 பிப்ரவரியில் லோக் பிரஹரி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வருமானத்தின் மூலத்தையும் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசோடு செய்த ஒப்பந்தங்களையும், பங்குதாரராக இருக்கும் கூட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களையும் இன்றைய படிவம் கேட்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். இது சிறிய வெற்றி இல்லை. இதற்காக வழக்காடியவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஓட்டை எங்கே என்றால், 'சார்ந்து வாழ்பவர்' என்ற ஒரு சொல்லில். தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி வாழ்பவர்தான் அந்தச் சொல்லுக்குள் வருவார். சொந்தமாகக் கம்பெனி நடத்தும் மூத்த மகன் வரமாட்டான். அண்ணன் வரமாட்டார். மச்சான் வரமாட்டார். சம்பந்தி வரவே மாட்டார். அதாவது, எவ்வளவுக்கு எவ்வளவு ஓர் உறவினர் தொழிலில் பெரியவரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவர் படிவத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

கொங்கு நாட்டில் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். இங்கே முதல் முதலீடு வங்கியிலிருந்து வந்தது குறைவு. மாமனார் வீட்டிலிருந்தும் பங்காளியிடமிருந்தும் வந்தது அதிகம். நூல் கடனாகக் கிடைப்பது முகத்தைப் பார்த்து. ஒரே மதில் சுவருக்குள் நான்கு பெயர்ப்பலகை தொங்கும்: ஒன்று அம்மா பேரில், ஒன்று மனைவி பேரில், ஒன்று தம்பி பேரில், இன்னொன்று குலதெய்வத்தின் பேரில். கணக்கு எழுதும் ஆடிட்டர் ஒருவரே. இவற்றில் பெரும்பாலானவை தனி உரிமை நிறுவனங்கள் அல்லது கூட்டு நிறுவனங்கள். பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால் இயக்குநர் யார் என்று அரசின் இணையதளத்தில் தேடிவிடலாம். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வதே 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமில்லை. ஒரு திருமண அழைப்பிதழின் பின்பக்கம் சொல்லும் அளவுக்குக்கூட எந்த அரசுப் பதிவேடும் இந்த உறவுகளைச் சொல்வதில்லை. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எங்கள் வட்டாரத்தில் அறிய அழைப்பிதழைத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.

நாடாளுமன்றத்திலும் நிலைமை ஒரே சீராக இல்லை. மாநிலங்களவை உறுப்பினர்கள் தங்கள் இயக்குநர் பதவி, ஊதியம் பெறும் பணி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்கான பங்கு, ஆலோசகர் பணி, தொழில்முறை ஈடுபாடு ஆகிய ஐந்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். மக்களவையில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. நாம் நேரடியாக வாக்களித்து அனுப்புவது மக்களவைக்கு.

மூன்றாவது யோசனை, தொழிலை விட்டுவிட வேண்டும் என்பது, கேட்டவுடன் மனதுக்குப் பிடித்தது. எங்கள் தலைமையாசிரியர் இதற்காகத்தான் கடைசிவரை வாதாடினார். அமைச்சர்களுக்கு ஏற்கெனவே இப்படி ஒரு நெறி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1964இல், சந்தானம் குழு ஊழலைப் பற்றி அறிக்கை கொடுத்த அதே ஆண்டில், மத்திய அரசு அமைச்சர்களுக்கான நடத்தை நெறியை வகுத்தது. மாநில அமைச்சர்களுக்கும் அது பொருந்தும். பதவி ஏற்கும் முன்பு தன்னுடைய, தன் குடும்பத்தாருடைய சொத்தையும் தொழில் நலன்களையும் முதலமைச்சரிடம் சொல்ல வேண்டும். தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். அரசுக்குப் பொருள் கொடுக்கும் தொழிலாகவோ உரிமம், குத்தகை, ஒதுக்கீடு ஆகியவற்றை நம்பி ஓடும் தொழிலாகவோ இருந்தால், உரிமையையும் சேர்த்துக் கைவிட வேண்டும்.

யாரிடம் கைவிடுவது? அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. வயதுவந்த குடும்ப உறுப்பினரிடமோ உறவினரிடமோ கைமாற்றலாம் என்று அந்த நெறியே சொல்கிறது. கணவன் மனைவிக்குள் மாற்றக்கூடாது. மாற்றிக்கொள்பவர் முன்பே அந்தத் தொழிலில் இருந்தவராக இருக்க வேண்டும். இவை மட்டுமே நிபந்தனை. நம் ஊரில் அதன் பொருள், தம்பி சாவியை வாங்கிக்கொள்கிறான் என்பதுதான். தீபாவளிக்குப் போனஸ் எவ்வளவு என்று அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் தம்பி அறிவிப்பான். தொழில் ஒரே குடும்பத்தில், லாபம் ஒரே குடும்பத்தில், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சிறு தொழில்காரருக்கோ இந்த வழி உண்மையிலேயே கொடுமை. இருபது தறி வைத்திருப்பவர் ஒன்றிய உறுப்பினராவதற்காகத் தறியை விற்க முடியுமா? பெரியவருக்கு ஓட்டை, சிறியவருக்குச் சுவர். இந்த நெறிக்குச் சட்ட வலிமையும் இல்லை. அமைச்சர் பின்பற்றுகிறாரா என்று பார்ப்பது முதலமைச்சரின் பொறுப்பு, அவ்வளவுதான்.

சட்டத்திலேயே இருக்கும் தடையும் குறுகலானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு அரசுக்குப் பொருள் வழங்கவோ பணி செய்யவோ ஒப்பந்தம் எடுத்தவரைத் தகுதி நீக்கம் செய்கிறது. ஆனால் ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்க வேண்டும். ஊராட்சிகளுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதேபோல் ஒரு தடை இருக்கிறது. தெருவில் கான்கிரீட் போடும் வேலை மச்சான் பெயரில் இருந்தால் அந்தத் தடை எதையும் தொடாது.

நான்காவது வழி ஒதுங்கி நிற்பது. தொழிலை வைத்துக்கொள்ளுங்கள், உறவையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலைத் தொடும் முடிவு வரும் நாளில் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுங்கள், எழுந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்பது இதன் சாரம். கனடாவில் இதற்கென்றே சட்டமும் தனி ஆணையரும் உண்டு. அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது உறவினர் யார் என்ற விளக்கம். பிறப்பு வழி, திருமண வழி, தத்து வழி, சம்பந்த வழி என எல்லாமே உறவு என்று அது சொல்கிறது. நண்பரின் நலனையும் கணக்கில் எடுக்கிறது. கொங்கு நாட்டுக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து எழுதியதைப் போல இருந்தது எனக்கு.

அது வேலை செய்கிறதா? 2020இல் மாணவர்களுக்கான ஓர் உதவித்தொகைத் திட்டத்தை நடத்தும் பொறுப்பு அங்கே ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனது. நிதியமைச்சர் பில் மோர்னோவுக்கு அந்த நிறுவனத்தாரோடு நெருங்கிய நட்பு இருந்தது. அவருடைய மகளும் அங்கே பணியாற்றினார். அமைச்சர் ஒதுங்காமல் முடிவில் கலந்துகொண்டார். அந்த ஆகஸ்டில் பதவி விலகினார். 2021இல் ஆணையர் அவர் சட்டத்தை மீறினார் என்று அறிக்கை வெளியிட்டார். அங்கே அபராதம் சொல்லும்படி இல்லை. ஊரறிய வெளியான அறிக்கைதான் தண்டனை.

இந்த வழிக்கு எங்கள் கூட்டத்தில் வந்த மறுப்பு வலுவானது. பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் கேட்டார்: "திருப்பூர் உறுப்பினர் துணித் தொழிலைப் பற்றிய எல்லாவற்றிலும் ஒதுங்கினால் திருப்பூருக்காக யார் பேசுவது?" இதற்கு நாங்கள் இரண்டு கூட்டங்களைச் செலவிட்டோம். செலவிட்டது வீண்போகவில்லை.

பருத்தியை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பருத்திக்குச் சுமார் 11 சதவீத வரி வந்தது. 2022இல் சில மாதங்களும் 2025 ஆகஸ்டிலிருந்து சில மாதங்களும் அதைத் தள்ளிவைத்தார்கள். வரி வேண்டாம் என்று ஆலைக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் கேட்டார்கள். விளைவித்தவனுக்கு விலை விழும் என்று உழவர் அமைப்புகள் எதிர்த்தன. நூல் ஏற்றுமதி என்று வந்தாலோ ஆலைக்காரரும் பின்னலாடைக்காரருமே எதிரெதிராக நிற்கிறார்கள். நூல் வெளிநாடு போனால் ஆலைக்கு நல்ல விலை, பனியன் கம்பெனிக்கு விலையேற்றம். 'தொழிலின் நலன்' என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது, அவருடைய மாமனாருக்கு நூற்பாலையா, நிட்டிங் கம்பெனியா, பருத்திக் காடா என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் புரியும். ஆகவே பேசுவதைத் தடுக்க வேண்டியதில்லை. பேசட்டும், பேசும் முன் "என் மாமனாருக்கு நூற்பாலை இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பேசட்டும்.

கையெழுத்துப் போடுவது வேறு. டெண்டர், உரிமம், நிலம், கடன், தள்ளுபடி, மாசு விதிமீறலுக்கு நடவடிக்கை, இவற்றை முடிவு செய்யும் நியமனம் ஆகியவற்றில் ஒரு பெயரோ சில பெயர்களோ பயன் பெறும். அங்கே உறவினர் பெயர் இருந்தால் நாற்காலி காலியாக வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023இல் உயர்த்தினார்கள்; அது எல்லாத் தறிக்காரருக்கும் பொது. தறி வைத்திருக்கும் உறுப்பினர் அதற்கு வாக்களிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. விலையில்லா வேட்டி சேலைக்கு எந்த ஆலையிடம் நூல் வாங்குவது, சத்துணவு முட்டைக்கு எந்தப் பண்ணையை எடுப்பது என்பவை அப்படி இல்லை.

நொய்யலில் இது தெளிவாகத் தெரிகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கடன் கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறை அதனால்தான் நிலைபெற்றது. ஆனால் எந்த நிலையத்துக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் மேசையில், அந்த நிலையத்தில் பங்கு வைத்திருப்பவரின் மருமகன் உட்காரக்கூடாது. என் மாமாவின் மருமகனாக இருந்தாலும்.

ஒதுங்குவது அரசியல்வாதியைத் தண்டிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் மாறாக நினைக்கிறேன். எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராகவும் நெடுஞ்சாலைத் துறையைக் கையில் வைத்திருந்தவராகவும் இருந்தபோது, சம்பந்தி உள்ளிட்ட உறவினர்களுக்குச் சாலை ஒப்பந்தங்கள் போயின என்று புகார் எழுந்தது. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, 2022 ஆகஸ்டில் அந்த உத்தரவையே ரத்து செய்தது. புதிதாக விசாரிக்க அடுத்த அரசு எடுத்த முடிவை 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றம் நடந்ததாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உறவு என்ன, ஒப்பந்தம் யாருக்கு, முடிவெடுத்தது யார் என்ற மூன்று வரிகள் அன்றே ஒரு பதிவேட்டில் இருந்திருந்தால், ஐந்து ஆண்டுகள் அவரும் வழக்குப் போட்டவர்களும் படியேறியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்கச் சொல்வது இரண்டாவதையும் நான்காவதையும் பிணைத்த ஒன்று. தனியாக வெளிப்படுத்தல் மட்டும் இருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு காகிதம் கிடைக்கும். முடிவு எடுக்கும் நாளில் அதை யாரும் திறக்கமாட்டார்கள். தனியாக ஒதுங்குதல் மட்டும் இருந்தால், எதிலிருந்து ஒதுங்க வேண்டும் என்று நமக்கே தெரியாது. வேட்பாளர் தன் உறவுகளின் தொழிலை எழுதித் தரட்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கட்டும், அவை தொடர்பான முடிவில் ஒதுங்கி, ஒதுங்கியதைக் குறிப்பேட்டில் பதியட்டும்.

உறவு என்றால் யார் யார் என்பதில்தான் இன்னும் இழுபறி. வழக்கறிஞர் எழுதிய வரைவில் மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று நின்றது. நான் மாமனார், மச்சான், மருமகன், சம்பந்தி ஆகியோரைச் சேர்த்தேன். பெரியப்பா சித்தப்பா மக்களைச் சேர்த்தால் காகிதம் போதாது என்று விட்டுவிட்டோம்; ஆனால் ஒரே வளாகத்தில் தொழில் செய்யும் பங்காளி எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் வர வேண்டும் என்று தறிக்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அவர்கள் சொல்வது சரி.

சட்டமன்ற வேட்பாளர்கள் கையெழுத்திடுவார்களா என்பது தெரிய நாளாகும். அதற்காகக் காத்திருக்காமல் எங்கள் பேரூராட்சிக் கவுன்சிலர்களிடம் இந்த மாதமே கேட்கப்போகிறோம். தீர்மானப் புத்தகம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது; யார் வந்தார்கள், யார் ஆதரித்தார்கள் என்று எழுதுகிறார்கள். யார் எழுந்து வெளியே போனார், எந்த உறவுக்காக என்று இன்னும் ஒரு வரி எழுதினால் போதும். வரைவைப் படித்துப் பார்க்க என் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மாப்பிள்ளை, இதில் சுத்திகரிப்பு நிலையத்தின் பங்கையும் தனியாகக் கேட்க வேண்டும், பட்டறை என்று மட்டும் கேட்டால் அது வராது" என்றார். அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.